கைராசிக்குப் போட்ட நாலு காய்

அண்ணே, உன் பேரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. பிறந்ததிலிருந்து அண்ணே என்றுதான் கூப்பிட்டேன், இப்போதும் அப்படியே கூப்பிடுகிறேன். நீ போய் மூன்று மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் மறைத்த ஒன்றை இன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் சொல்லப் போகிறேன். எட்டாவதோடு நின்றவள் எழுதுவது. பிழை இருந்தால் படிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த கூட்டத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவில் போகிற பாதையில் நாங்கள் குத்தகைக்கு எடுத்திருந்த மாந்தோப்பில் நாற்பது மரம். மாந்தோப்புக்காரர்களை எல்லாம் அந்தக் கூட்டத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சட்டையில் மைக்கைக் குத்திக்கொண்டு ஒருவர் பேசினார். பல நாடுகள் சேர்ந்து வைத்திருக்கிற பெரிய வியாபாரக் கூட்டணியில் நம் நாடும் சேர்கிறதாம். சேர்ந்துவிட்டால் நம் மாங்காய்க்கு அங்கே வரி கிடையாதாம். ஆனால் எந்த மருந்து அடிக்கலாம், எது கூடாது என்பதை இனிமேல் அவர்கள்தான் சொல்வார்களாம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பெரிய இடத்தில் சம்பந்தம் முடித்த மாதிரி ஒரு பூரிப்பு.

பால்கோவா போடுகிற ஒருவர் எழுந்து, "அவிய பால் பவுடர் இங்க வந்து எறங்குச்சுன்னா, நான் மாட்டப் பத்திக்கிட்டு எங்க சார் போவேன்?" என்று கேட்டார்.

"அது வேற டிபார்ட்மெண்ட்" என்றார் மைக்குக்காரர்.

பிறகு என் அண்ணன் எழுந்தான். ஐந்தாவது படித்தவன். "சார், அவிய ஊருல ஆகாதுங்குற மருந்து நம்ம ஊருக் கடையில விக்குதே. நாம திங்குற பழத்துக்கு அத அடிக்கலாமா?"

"உள்நாட்டு விற்பனைக்கு அனுமதி இருக்கு. ஒண்ணும் செய்யாது."

"அப்ப உள்நாட்டு வயிறு இரும்புல செஞ்சதா சார்?"

மண்டபமே சிரித்தது. மைக்குக்காரரும் சிரித்தார். சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்றார். அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காறித் துப்பத்தான் தோன்றுகிறது.

கேலி செய்துவிட்டு வந்தாலும், வெளிநாட்டுக்குக் காய் அனுப்புகிற அந்தத் திட்டத்தில் அண்ணன் சேர்ந்தான். எங்கள் தோப்புக்கு ஒரு நம்பர் கொடுத்தார்கள். தகரத்தில் எழுதி வாசலில் மாட்டினான். எந்தத் தேதியில் என்ன தெளித்தோம் என்று ஒரு நோட்டில் நான் எழுத வேண்டும். வேறு தோப்புக் காய் ஒன்றுகூட நம் காயோடு கலக்கக் கூடாது. அந்த வருஷம் வேப்பெண்ணெயைத் தவிர அவன் எதையும் தெளிக்கவில்லை. பூவில் பாதியைத் தத்துப்பூச்சி தின்றது. பக்கத்துத் தோப்பு மாமா வேலியில் சாய்ந்துகொண்டு, "ஏலே மாப்ள, மரத்துக்கு மருந்து இல்லங்குற, மனுசனக் கண்டா தொடாதங்குற. வெள்ளக்காரன் வீட்டுக்கு மருமகனாப் போறியா?" என்பார். அண்ணன், "போனா ஒம்ம கூட்டிட்டுப் போறேன், மாமா. அங்க பீடி கெடைக்காதாம்" என்பான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்தின் முதல் லோடு கிளம்பும்போது அக்கம்பக்கத்துத் தோப்புக்காரர் வந்து, தங்கள் காயில் நாலை அதில் போடுவார்கள். கைராசி என்பார்கள். யாரும் போடாமல் ஒரு லோடு கிளம்பினால், அந்த வீட்டுக்கும் ஊருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று அர்த்தம். அண்ணன் இதையும் யோசித்து வைத்திருந்தான். "ஏட்டி, யாராச்சும் காய் கொண்டாந்தா சிரிச்சுக்கிட்டே கையில வாங்கித் தனியா வச்சிரு. டிரேயில போட விட்றாத" என்று எனக்குப் படித்துப் படித்துச் சொன்னான்.

முதல் லோடு அன்று காலையில் அவன் தோப்புக் கடைசியில் தொரட்டியோடு நின்றான். மாமா துண்டில் நாலு காய் முடிந்துகொண்டு வந்தார். நான் கையை நீட்டினேன். அவர் என் கையில் கொடுக்கவில்லை. வேப்பிலை செருகிக் குங்குமம் வைத்திருந்த முதல் டிரேயில் அவரே குனிந்து வைத்துவிட்டு, "இந்த வருசம் எம் மாப்ள காய் கப்பலேறணும்" என்று கும்பிட்டார். போன வாரம்தான் அவர் மருந்து அடித்திருந்தார். அந்த வாடை எங்கள் வீடு வரை வந்தது.

எடுத்திருக்க வேண்டும். அவர் நகராமல் அங்கேயே பீடி குடித்துக்கொண்டு நின்றார். அவர் கண் முன்னால் எடுத்தால் அவர் கையைத் தட்டிவிட்ட மாதிரி. நாலு காய்தானே என்று விட்டுவிட்டேன். அவர் போனபிறகு பார்த்தால் எது அவர் காய், எது எங்கள் காய் என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே சப்பட்டை ரகம். அதற்குள், காயை வாங்கிக் கப்பலில் அனுப்புகிற கம்பெனியின் பரிசோதகர் வந்தார். சோதனைக்கு ஒரு பை காய் எடுத்தார். மேலாக இருந்தது என்று அந்தக் குங்கும டிரேயிலிருந்தே எடுத்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஐந்தாவது நாள் லோடு திரும்பி வந்தது.

"பழத்துல மருந்து இருக்கு" என்றார் பரிசோதகர்.

"நான் அடிக்கல சார். தங்கச்சி எழுதிருக்கா, நோட்டப் பாருங்க."

"நோட்டு என்ன வேணாலும் சொல்லும். மெஷின் பொய் சொல்லாது."

நோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா வைத்த நாலு காயைப் பற்றிச் சொல்லவில்லை. அண்ணன் திட்டுவான் என்ற பயமில்லை. அவன் என்னைத் திட்டியதே கிடையாது. ஒரு பார்வை பார்ப்பானே, அதற்குப் பயந்தேன்.

பரிசோதகர் ஜீப்பில் ஏறப் போனவர் திரும்பி, "நல்ல பழமா ஒரு பெட்டி பின்னாடி வைங்க. வீட்ல பிள்ளைங்க கேக்குது" என்றார். யாரோ ஒரு நாட்டுக்காரன் தின்றால் ஆகாத பழம். அதைத் தன் பிள்ளைக்குக் கேட்கிறார். அண்ணன்தான் அந்தப் பெட்டியைத் தூக்கி வைத்தான். மிச்சத்தை ராஜபாளையம் மார்க்கெட்டில் போட்டோம். பொழுது சாயுமுன் தீர்ந்துவிட்டது. அங்கே யாரும் எந்த மெஷினையும் கொண்டுவரவில்லை. எந்தக் கூட்டணியில் சேர்ந்தாலும் எங்கள் வாய்க்கு எந்தச் சட்டமும் வந்து சேராது என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு அண்ணன் ஸ்பிரேயரைக் கழுவ ஆரம்பித்தான். எப்போதோ அடித்த பழைய மருந்து அதன் டேங்கில் ஒட்டியிருக்கும், அதுதான் காயில் இறங்கிவிட்டது என்று அவனே முடிவு செய்துகொண்டான். புளி போட்டுத் தேய்த்தான், சாம்பல் போட்டுத் தேய்த்தான். மூடியைத் திறந்து என் மூக்கருகில் நீட்டுவான்.

"ஏட்டி, வாடை வருதா?"

"இல்லண்ணே."

"எனக்கு வருதே."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்வோம் என்று பத்து நாள் தள்ளினேன். பதினோராவது நாள், மறுபடி சோதிக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன் என்று ஒரு துணிப்பையில் ஆறு காயைப் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த கம்பெனி ஆபீசுக்கு பைக்கில் கிளம்பினான். "செத்த நேரத்துல வந்துருவேன்" என்றான். பாதி வழியில் ஒரு லாரி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் கம்பெனி ஏஜென்ட் துக்கம் கேட்க வந்தார். அம்மா கையைப் பிடித்து அழுகிற மாதிரி இருந்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டு, "தோப்பு நம்பர் இன்னும் உயிரோடதான் இருக்கு. உன் பேருக்கு மாத்திக்கிறியாம்மா?" என்றார். போய் அந்தத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைத் துடைத்துப் பத்திரமாக வண்டியில் வைத்துக்கொண்டார். ரோஷம் என்று ஒன்று இருந்தால்தானே.

மாமா மட்டும் வாசலில் உட்கார்ந்து, "எம்புட்டு ஆசையாக் காய் போட்டேன், எங் கை வெளங்காமப் போச்சே" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நல்ல மனசோடு வைத்தார். மைக்குக்காரரையும் பரிசோதகரையும் ஏஜென்டையும் கேவலமாக நினைக்க எனக்கு எளிதாக இருக்கிறது. ஆனால் ஸ்பிரேயரை மோந்து பார்த்துக்கொண்டு நின்ற அண்ணனிடம் "இல்லண்ணே" என்று மட்டும் சொன்னவளை என்ன செய்வது?

படிக்கிறவர்கள் எனக்காக ஒன்றும் வேண்ட வேண்டாம். அய்யனார் கோவிலுக்கு ஏறும்போதோ, ஆண்டாள் சன்னதியில் நிற்கும்போதோ, உங்கள் வீட்டு விளக்கின் முன்போ, என் அண்ணனை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் மேல் எந்தத் தப்பும் இல்லை, அவன் கையில் எந்த மருந்தும் இல்லை என்பது அவனுக்குத் தெரிய வேண்டும் என்று எல்லாரும் கும்பிட்டுக்கொள்ளுங்கள்.