வளையல் கழற்றிய கை

உள்ளறையில் பித்தளை வளையல் எனாமல் கிண்ணத்தில் விழும் சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்து இன்னொன்று விழுந்தது.

முன்னறைப் பாயில் உட்கார்ந்திருந்த போர்மேன் சண்முகவேலின் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் உயிர் வந்தது. சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் ஒருத்தி வளையலைக் கழற்றினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவள் வேலைக்குத் தயாராகிவிட்டாள். ஞானபூரணி வந்தால் மற்ற பெண்களும் வருவார்கள். தீபாவளி ஆர்டர் எப்படியோ கரை சேர்ந்துவிடும். அன்று ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி பூட்டிக் கிடக்கிறது என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை.

ஞானபூரணி காரியாபட்டிப் பக்கத்துப் பெண். மழையை நம்பிப் பிழைத்த வீட்டில் பிறந்து, மழை ஏமாற்றிய வருஷத்தில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் மாணிக்கராஜுக்கு விருதுநகரில் மிளகாய் மூட்டை தூக்கும் வேலை. குடவுனில் பறந்த நெடி அவன் நெஞ்சில் தங்கி, முப்பது வயதுக்குள் கிழவனைப்போல் இரும வைத்தது. ஐம்பத்தேழாம் வருஷம், அவன் எழுந்து உட்காரவே சிரமப்பட்ட ஒரு மாதத்தில், அவள் பட்டாசுக் கம்பெனி வாசலில் போய் நின்றாள்.

பட்டாசுக் குழலில் வெடிமருந்தை அடைத்துக் கெட்டிக்கும் கொட்டகைக்குள் உலோகம் எதுவும் போகக்கூடாது. உரசினால் பொறி. வளையல், ஊக்கு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் வாசலிலேயே கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட வேண்டும். முதல் நாள் அவளால் முடியவில்லை. வீட்டில் புருஷன் இழுத்துக்கொண்டு கிடக்கும்போது கை வளையலைக் கழற்றுவதா? ஞாயிறுதோறும் மாதா கோயிலுக்குப் போய் முழந்தாள் போடுகிறவள்தான். ஆனாலும் அந்தப் பயம் எந்தச் செபத்துக்கும் அடங்கவில்லை. கை நடுங்கியது. நடுங்கும் கைக்கு மருந்துக் கொட்டகையில் இடமில்லை என்று வாசலில் இருந்தவர் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் அந்தப் பேதை ஒன்று செய்தாள். முதல் வளையலைக் கிண்ணத்தில் போடும்போது வாய்க்குள்ளேயே சொன்னாள், அவர் இருமல் இதோடு இங்கே இருக்கட்டும், சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று. அடுத்த வளையலோடு ஒழுகும் கூரை. கொண்டை ஊசியோடு ஊரில் தனியாகக் கிடக்கும் அப்பா. எல்லாம் கிண்ணத்தில் விழுந்த பிறகு பார்த்தாள். கையின் நடுக்கம் நின்றிருந்தது.

சாயங்காலம் அவள் ஏமாற்றவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து மாட்டினாள். அந்தந்தக் கவலைக்கு உரிய நேரத்தை வீடு போகிற வழியில் கொடுத்தாள், சில நாள் அழுதுகொண்டே. சொன்னபடி வந்து எடுக்காவிட்டால் மறுநாள் கவலை தன் பேச்சை நம்பாது, பின்னாலேயே கொட்டகைக்குள் வந்துவிடும் என்பாள்.

பக்கத்து மணையில் உட்கார்ந்த இசபெல் இதைக் கண்டுபிடித்துவிட்டாள். வளையலிடம் என்ன முணுமுணுப்பு என்று நச்சரித்து வாங்கிக்கொண்டவள், மறுநாளே கொட்டகை முழுக்கச் சிரிக்க வைத்தாள்.

"ஏட்டி பூரணி, எம் மாமியாளைக் கொண்டை ஊசியோட சேத்துக் கிண்ணத்துல போட்டுட்டு வந்தேன். தலைப்பாரம் எறங்கிருச்சு."

ஒவ்வொருத்தியாகப் பழகிக்கொண்டார்கள். குடிகாரப் புருஷனும், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையும் காலையில் கிண்ணங்களில் விழுந்து, சாயங்காலம் கைகளில் ஏறி வீட்டுக்குப் போயின. அந்தக் கொட்டகையில் மட்டும் யாருக்கும் கை நடுங்குவதில்லை என்று முதலாளியே மெச்சினாராம்.

இந்த வருஷம் ஆடி மாதம் லாரி வரவில்லை. கட்டி முடித்த சரக்கைக் கொட்டகையின் ஒரே வாசலில் அடுக்கிவிட்டார்கள். ஒருக்களித்துத்தான் உள்ளே போக வேண்டும். இசபெல் அன்றும் சிரித்தாள். "வாசல்ல கெடக்குற லோடையும் ஊசியோட போட்டுட்டேன்ட்டி." ஞானபூரணியும் சிரித்தாள். இரண்டு பேரும் உள்ளே போனார்கள்.

மத்தியானம் மற்றவர்கள் சாப்பாட்டுக்கும் ஞானபூரணி தண்ணீர் குடிக்கவும் வெளியே வந்திருந்த நேரம் கொட்டகைக்குள் மருந்து வெடித்தது. சத்தம் அடங்கி, புகை அடங்கி, ஆட்கள் வந்து பார்த்தபோது, வாசலில் கருகிக் கிடந்த சரக்குக்கு உள்பக்கம், வெளியே வர வழியில்லாமல், இசபெல் செத்துக் கிடந்தாள்.

கம்பெனி வாசலில் அவள் கிண்ணம் மட்டும் எடுப்பாரில்லாமல் இருந்தது. மூன்றாம் நாள் அவள் மாமியார் வந்தாள். மருமகளின் வளையல்களை முந்தானையில் முடிந்துகொண்டாள். கொண்டை ஊசியைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன் நரைத்த கொண்டையில் செருகிக்கொண்டு நடந்துவிட்டாள். அன்றிலிருந்து ஞானபூரணி வேலைக்குப் போகவில்லை. வளையலையும் கழற்றவில்லை.

இன்றைக்குத்தான் கழற்றினாள். உள்ளறையிலிருந்து வந்து நிலையருகே நின்றாள். முகம் உறக்கமில்லாத முகம். கை மட்டும் நடுங்கவில்லை.

"நாளைக்கு வந்துருவேல்ல தாயி?" என்று எழுந்தார் சண்முகவேல். அவரும் களைத்துப்போன மனிதர்தான். முதலாளி விரட்டுவதையும், மற்ற பெண்கள் பூரணி வந்தால்தான் வருவோம் என்று பிடிவாதமாக இருப்பதையும் ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தார்.

அவள் புதுக் கொட்டகையைப் பற்றிக் கேட்டாள். சுவர் எழுப்பிவிட்டார்கள், கூரையும் போட்டாயிற்று என்றார். எத்தனை வாசல் என்று கேட்டாள். அவர் துண்டை மடித்தார், விரித்தார். பின்பக்கம் ஒன்று வைக்க வேண்டியதுதான், சீசன் முடியட்டும், தை பிறந்ததும் வைத்துவிடலாம் என்றார்.

"அப்ப நான் வரலை அண்ணாச்சி. பின்வாசல் வச்சிட்டுக் கூப்பிடுங்க, நானே எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாரேன்."

அவருக்குப் புரியவில்லை. "வளையலைக் கழட்டுன சத்தம் கேட்டுச்சே?"

"நீங்க சொன்னதைப் பயமில்லாம ரோசிக்கணும்னுதான் கழட்டுனேன். இசபெல் செத்தது, இவரு இருமல், நாளைக்கு அடுப்பு எரியுமாங்கிறது, அம்புட்டையும் கிண்ணத்துல போட்டுட்டுத்தான் வந்து நின்னேன். அதுக்குப் பெறகும் வாசல் ஒண்ணுதானே இருக்கு?"

உள்ளறையில் மாணிக்கராஜ் இருமினான். வேறு ஆள் பிடிக்க முதலாளி சொன்னால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சண்முகவேல் தரையைப் பார்த்துச் சொன்னார். தெரியும் என்றாள். தான் வரவில்லை என்பதைத் தெருவில் மற்ற பெண்களிடம் தானே போய்ச் சொல்லிவிடுவதாகவும், தனக்காக யாரும் காத்திருக்க வேண்டாமே என்றும் சொன்னாள்.

"முதலாளிட்ட என்னன்னு சொல்ல?"

"நான் கேட்டதையே சொல்லுங்க. எத்தனை வாசல்னு."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். படியில் நின்று குடையை விரித்து, வெயிலில் இறங்கினார். தெருமுனை வரை அந்தக் குடை போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள் ஞானபூரணி. கிண்ணத்தில் அவளுடைய கவலைகள் எல்லாம் அவளுக்காகக் காத்திருந்தன. இன்றைக்கு மாட்டிக்கொள்ளும்போது முன்னைவிடக் கனக்கும் என்று அவளுக்குத் தெரியும். வளையல் இல்லாத கையால், சத்தமில்லாமல், கதவைச் சாத்தினாள்.