முதல் தெரிவில் ஒரு கீப்பர்

எங்கள் லீக்கில் புது ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்யவென்று தனியாக ஒரு கூட்டம் வைக்க வேண்டி வந்ததற்குக் காரணம் ஒரு மண்டை உடைந்ததுதான். தொண்ணூறுகளின் தொடக்கம். கிழக்கு லண்டனின் கவுன்சில் மைதானங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டுத் தமிழ்க் கழகங்கள் உதைபந்து ஆடின. ஊரிலிருந்து கிழமைக்குக் கிழமை ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. நன்றாக விளையாடக்கூடிய ஒருவன் வந்துவிட்டான் என்று தெரிந்தால், அவன் அகதி விண்ணப்பம் எழுதி முடிப்பதற்குள் இரண்டு கழகத்தார் அவன் தங்கியிருக்கும் வீட்டு வாசலில் நிற்பார்கள். அப்படி ஒருவனுக்காக நடந்த இழுபறியில், மைதானத்து மூலைக்கொடிக் கம்பத்தைப் பிடுங்கி ஒரு கழகப் பொருளாளரின் தலையில் போட்டுவிட்டார்கள். பதினான்கு தையல்.

அதன் பிறகுதான் லீக் கமிட்டியில் இருந்த ஒருவர் அமெரிக்காவில் இருக்கும் தன் தம்பி சொன்ன முறையைக் கொண்டுவந்தார். புதிதாக வந்தவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதவேண்டும். கடைசி இடத்தில் இருக்கும் கழகம் முதலில் ஒருவரை எடுக்கவேண்டும். பிறகு அதற்கு மேலே உள்ள கழகம். இப்படியே சுற்றுச் சுற்றாகப் போகும். அந்த வருடம் கடைசி இடத்தில் இருந்தது எங்கள் கழகம். எனவே முதல் சுற்றின் முதல் தெரிவு எங்களுடையது.

எங்கள் கழகத்தின் மனேஜர் என் அத்தான், அக்காவின் கணவர். பிளேஸ்டோவில் அவர்கள் வீட்டு மாடி அறையில்தான் நான் இருந்தேன். அத்தான் பஸ் ஓட்டினார். நான் பெட்ரோல் ஸ்டேஷனில் பகல் ஷிப்ட். முழங்கால் சவ்வு கிழிந்ததிலிருந்து நான் விளையாடுவதில்லை. கோட்டுக்கு வெளியே நின்று கத்துவது மட்டும்தான். விளையாடியபோது இருந்ததைவிட அதிக வெறியோடு கத்தினேன்.

அந்த வெறி எங்கிருந்து வந்தது என்று இப்போது யோசிக்கிறேன். ஊரில் ஒருமுறை ஆமிக்காரன் துவக்குப் பிடியால் என் இடுப்பு நாரியில் அடித்தான். லண்டனுக்கு வந்த இரண்டாம் மாதம் பிளேஸ்டோ ஸ்டேஷனுக்குக் கிட்ட மொட்டைத்தலை வெள்ளைக்காரப் பெடியன்கள் மூவர் என்னை மதிலோடு சாய்த்து வைத்து உதைத்தார்கள். இரண்டு தடவையும் நான் கையை உயர்த்தவில்லை. எங்கள் ஆட்களுக்குள் மட்டும்தான் என் கை உயர்ந்தது. எனக்கு மட்டுமல்ல, அந்த மைதானத்தைச் சுற்றி நின்ற பலருக்கும் அப்படித்தான்.

தெரிவுக் கூட்டத்துக்கு முந்திய இரண்டு கிழமையும் நாங்கள் ஈஸ்ட்ஹாமில் ஒரு வீடியோக் கடையில் கூடினோம். கடைக்காரர் பெரிய உடம்புக்காரர், எங்கள் ரசிகர்களில் தலைமையானவர். ஆளைத் தெரியாதவர்களும் அவரை வீடியோ அண்ணை என்றே கூப்பிட்டார்கள். தாளில் இருந்த பெயர்களில் எல்லோர் வாயிலும் இருந்தது ஒன்றுதான்: பத்தொன்பது வயது ஸ்ட்ரைக்கர் ஒருவன். இரண்டு காலாலும் அடிப்பான், ஓட்டத்தில் பிடிக்க ஆள் இல்லை என்றார்கள்.

"அவனை எடுக்காட்டி இந்தக் கழகத்தை இழுத்து மூடலாம்" என்றார் வீடியோ அண்ணை.

"எங்களுக்குப் பின்னுக்கு நிக்கத்தான் ஆள் வேணும்" என்று ஒருவர் மெல்லச் சொன்னார். வீடியோ அண்ணை கையில் இருந்த வீடியோக் கசற்றை அவர் முகத்துக்கு எறிந்தார். புருவம் வெடித்தது. அவர் கைலேஞ்சியால் பொத்திக்கொண்டு, ரத்தம் சட்டையில் சொட்டச் சொட்ட, அதே கருத்தை மீண்டும் சொன்னார். நான் சிரித்தேன். அவர் தோற்றுக்கொண்டிருக்கிறார் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கூட்டம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சேர்ச் மண்டபம் ஒன்றில் நடந்தது. எட்டுக் கழகத்தாரும் மடக்குக் கதிரைகளில் இருந்தார்கள். ரசிகர்கள் பின்சுவரோடு நின்றோம். கமிட்டித் தலைவர் எங்கள் கழகத்தைக் கூப்பிட்டார். அத்தான் பஸ் யூனிபோர்மோடு எழும்பி, ஒரு பெயரைச் சொன்னார். ஸ்ட்ரைக்கரின் பெயர் அல்ல. அது முப்பத்தொரு வயது கோல் கீப்பர் ஒருவரின் பெயர். ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்பவர். ஊரிலும் எந்தப் பெரிய அணியிலும் விளையாடியவர் அல்ல.

எல்லோரும் கையிலிருந்த தாளில் அந்தப் பெயரைத் தேடினார்கள். பிறகு மற்றக் கழகத்தார் கைதட்டிச் சிரித்தார்கள். இரண்டாவது தெரிவுக்கு எழும்பியவர் ஸ்ட்ரைக்கரின் பெயரைச் சொல்லும்போது சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். என் பக்கத்தில் நின்ற வீடியோ அண்ணை ஒரு கதிரையைத் தூக்கி நிலத்தில் அடித்தார். அதன் கால் கழன்று ஓடியது.

வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டேன். "ஏன் அத்தான் இப்பிடிச் செய்தனீங்கள்?"

அத்தான் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "போன முறை ஒவ்வொரு மட்சிலும் நாலு, அஞ்சு கோல் விட்டனாங்கள். நீர் கோட்டில நிண்டு பார்த்தனீர்தானே. நான் நாலு ஞாயிறு அந்த மனுசன்ர பிறாக்டிஸைப் போய்ப் பார்த்தனான். அவருக்குப் பந்து எங்க வருமெண்டு தெரியுது. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்பதை யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. வீடியோக் கடையில் வேறு காரணங்கள் பிறந்தன. கீப்பர் அத்தானின் ஊர்க்காரர் என்றார்கள். இல்லை, அத்தானின் தங்கைக்கு அவரைக் கலியாணம் பேசுகிறார்கள் என்றார்கள். அத்தானுக்குத் தங்கையே இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கதை என் முன்னால் ஓடியபோது நான் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுத் தொலைபேசியில் தூஷணம் வரத் தொடங்கியது. அக்கா ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டுச் சமைத்தாள். ஒரு காலை முன் ஜன்னலை உடைத்துக்கொண்டு செங்கல் ஒன்று வந்து சோபாவில் விழுந்தது. "பந்துக்காகவா?" என்று அக்கா என்னைப் பார்த்துக் கேட்டாள். கண்ணாடித் துண்டுகளை நான்தான் பொறுக்கினேன். எறிந்தவன் யார் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

முதல் பிறாக்டிஸ் அன்று கீப்பர் நேரத்துக்கு வந்து, கையுறை போட்டுக்கொண்டு கோலுக்குள் நின்றார். அத்தான் இன்னும் ஷிப்ட் முடிந்து வரவில்லை. வீடியோ அண்ணை ஏழெட்டுப் பந்துகளைப் பெனால்டிப் புள்ளியைவிடக் கோலுக்குக் கிட்டவாக அடுக்கச் சொன்னார். ரசிகர்கள் வரிசையாக நின்றோம். ஒருவர் பின் ஒருவராக அல்ல, ஒரே நேரத்தில் அடித்தோம். கோலுக்கு அல்ல, ஆளுக்கு. நெஞ்சிலும் முகத்திலும் பட்டுப் பந்துகள் தெறித்தன. பொறுக்கி வந்து மீண்டும் அடித்தோம். நான் நல்ல காலால் அடித்த பந்து அவர் விரித்த கையில் பட்டு, சின்னவிரலைப் பின்பக்கமாக மடக்கியது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

அவர் கையுறையைக் கழற்றிப் பார்த்தார். விரல் தவறான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. மூக்கிலிருந்து வந்த ரத்தத்தைத் தோள்மூட்டில் துடைத்தார்.

"முடிஞ்சுதோ, இன்னும் அடிக்கப் போறியளோ?" என்று கேட்டார்.

அவர் பையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் பஸ் எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். எங்களில் ஒருவர்கூட அவரோடு போகவில்லை. அத்தான் வந்து கேட்டபோது, பிறாக்டிஸில் பட்டுவிட்டது என்றோம். கீப்பரும் அத்தானிடம் அதையேதான் சொன்னார்.

மூன்றாவது கிழமை அந்த ஸ்ட்ரைக்கர் இருந்த கழகத்தோடு மட்ச். கீப்பர் சின்னவிரலையும் மோதிர விரலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். மழை பெய்து மைதானம் சேறாகிக் கிடந்தது. ஸ்ட்ரைக்கர் மூன்று கோல் அடித்தான். மூன்றாவதை அடித்துவிட்டு எங்கள் பக்கம் ஓடிவந்து, காதில் கைவைத்து, எங்கள் சத்தம் கேட்கவில்லை என்று காட்டினான். கீப்பர் வேறு ஏழோ எட்டோ பந்துகளைப் பிடித்தார் என்பதை அன்று நான் எண்ணவில்லை.

மட்ச் முடிந்து கார் நிறுத்துமிடத்தில் அத்தான் வலையைச் சுருட்டிக் காருக்குள் வைத்துக்கொண்டிருந்தார். சுற்றிவர நாங்கள் பதினைந்து பேர் இருப்போம்.

"இப்ப என்ன சொல்லுறியள்?" என்றேன் நான். "ஆரை எடுத்திருக்கோணும்?"

"தம்பி, கைக்காயத்தோட நிண்டவர். அவர் இல்லாட்டி பத்து விழுந்திருக்கும்."

"உங்களுக்குப் பந்தைப் பற்றி என்ன தெரியும்?"

அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அந்த விரல் எப்பிடி முறிஞ்சதெண்டு எனக்குத் தெரியும்" என்றார்.

நான் அடித்தேன். வாயில் அடித்தேன். அவர் கார்க் கதவில் மோதி நிமிர்வதற்குள் இரண்டாவதையும் அடித்தேன். மனேஜரின் சொந்த மைத்துனனே அடித்துவிட்டான் என்றபிறகு மற்றவர்களுக்கு என்ன தடை? வீடியோ அண்ணை அவரைக் கொலரில் பிடித்து இழுத்துக் கீழே போட்டார். சேற்றுச் சப்பாத்துகள் முதுகிலும் விலாவிலும் விழுந்தன. இரண்டு அடியோடு நான் பின்னால் வந்துவிட்டேன். தடுக்கவும் இல்லை. என் கை விறைத்திருந்தது. அத்தான் முழங்கால்களை மடித்து, தலையைக் கைகளால் மூடிக்கொண்டு கிடந்ததைப் பார்த்தேன். ஸ்டேஷன் மதிலோரம் நானும் அப்படித்தான் கிடந்தேன்.

உள்ளே பாய்ந்தது கீப்பர்தான். கட்டுப்போட்ட கையோடு ஆட்களுக்குள் நுழைந்து அத்தானின் மேல் படுத்துக்கொண்டார். அதன் பிறகு விழுந்த உதைகள் எல்லாம் அவருக்கு. எதிர்க் கழகத்தார் வந்துதான் பிரித்தார்கள், அந்த ஸ்ட்ரைக்கரும் சேர்ந்து.

பொலிஸ் வந்து கேட்டது. யாரும் எதையும் காணவில்லை. நானும் காணவில்லை.

அத்தானுக்கு முன்பல் இரண்டு போய்விட்டன. விலா எலும்பு ஒன்றில் வெடிப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அக்கா அவருக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஆர் முதல் அடிச்சது?"

"தெரியேல்லை. பின்னால நிண்டு அடிச்சவங்கள்."

நான் அதே அறையில் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தேன். அத்தான் என்னைப் பார்க்கவில்லை. அடுத்த கிழமை லண்டனின் மறுகோடியில் இருந்த மோர்டனில் ஒரு அறை எடுத்து, அது வேலைக்குக் கிட்ட என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன். அக்கா மறிக்கவில்லை.

அத்தான் மனேஜர் வேலையை விட்டார். கீப்பர் விடவில்லை. தன்னை உதைத்தவர்களுக்காகவே அந்த வருடம் முழுக்க விளையாடினார். எங்களுக்கு விழும் கோல்கள் பாதிக்கும் கீழே குறைந்தன. ஆனால் அடிக்க ஆள் இல்லாததால் ஒன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றோம், இல்லாவிட்டால் கோல் இல்லாமல் சமன் செய்தோம். வருட முடிவில் எட்டுக் கழகங்களில் ஆறாவது இடம். வீடியோக் கடையில் விவாதம் ஓயவில்லை. ஸ்ட்ரைக்கரை எடுத்திருந்தால் கோப்பை என்றார் ஒருவர். கீப்பர் இல்லாவிட்டால் கடைசி என்றார் இன்னொருவர். அத்தானின் வாயில் பல் இல்லை என்பதை யாரும் கதைக்கவில்லை. அடுத்த வருடம் தெரிவுக் கூட்டத்தையே கமிட்டி கைவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில், அக்காவின் மகளுடைய பிறந்தநாளுக்குப் போயிருந்தேன். குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்ற அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அத்தானுக்கு முதல் அடிச்சது நான்தான்."

அவள் தண்ணீரை நிறுத்தவில்லை. "அண்டைக்கு உன்ர கை வீங்கியிருந்ததை நான் காணேல்லை எண்டு நினைச்சியோ? அவர் உன்னட்டக் கேக்காதேயெண்டு சொன்னவர். அதால நான் கேக்கேல்லை."

"ஏன் கேக்காதேயெண்டவர்?"

"போய் அவரிட்டயே கேள்."

அத்தான் முன் அறையில் பிள்ளைகளுக்குப் பலூன் ஊதிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். அவர் என் கையில் ஒரு பலூனைத் தந்து, "இதை ஊதும், எனக்கு மூச்சு வாங்குது" என்றார். நான் ஊதினேன். கட்டுவதற்கு அவரிடம் கொடுத்தபோது, "அத்தான், நான் செய்தது பிழை" என்றேன்.

"ஓம், பிழைதான்" என்றார் அவர். நூலை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினார். பிறகு அடுத்த பலூனை என் கையில் தந்தார்.