மூன்றாவது லைனில் ஓர் இரங்கல்

"…அப்போ நான் செத்துட்டேன்னே வச்சுக்குவோம் தம்பி. செத்தவளுக்கு எப்படி மூணாவது லெட்டர் குடுப்பீங்க?"

கேட்டது அக்கா. பதில் சொல்ல வேண்டியவர் எங்கள் சூப்பர்வைசர். நடுவில் ஆபீஸிலிருந்து வந்த மலாய்க்கார அதிகாரி அம்மா நின்றார். இந்தக் கூத்தை ஆரம்பித்து வைத்த நான், பெட்டிகளுக்குப் பின்னால் முடிந்தவரை ஒல்லியாக நின்றேன்.

சுங்கைப் பட்டாணி டவுனுக்கு வெளியே ஒரு கையுறை ஃபேக்டரி. மூன்றாவது லைனில் நானும் அக்காவும் பக்கத்துப் பக்கம் நின்று கையுறைகளைப் பெட்டியில் அடுக்குவோம். அக்காவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. மணிக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் உட்கார விடவேண்டும் என்று பீடோங் கிளினிக் டாக்டர் கடிதம் கொடுத்திருந்தார். சூப்பர்வைசர் அதை வாங்கி, மடித்து, மேசையில் தன் தேத்தண்ணிக் குவளைக்கு அடியில் வைத்தார். அன்றிலிருந்து அந்தக் கடிதத்தால் சுகப்பட்டது குவளை மட்டும்தான்.

அவரும் எங்களைப்போல ரப்பர் தோட்டத்துப் பிள்ளைதான். அவருக்குப் பதவி கிடைத்தபோது, நம்ம ஆள் ஒருத்தர் மேலே போய்விட்டார் என்று கோயிலில் அர்ச்சனைகூடச் செய்தோம். சாமி அதை எந்தக் கணக்கில் எழுதிக்கொண்டதோ தெரியவில்லை. மற்ற லைனில் யார் உட்கார்ந்தாலும் அவர் கண்ணுக்குத் தெரியாது. அக்கா உட்கார்ந்தால் மட்டும் பளிச்சென்று தெரியும். நம்மாளுக்குச் சலுகை காட்டினால் ஊர் என்னைப் பேசும் என்பார்.

"நீங்க நேர்மையா இருக்கறதுக்கு என் முட்டிதான் கெடைச்சுதா தம்பி?" என்பார் அக்கா.

இரண்டு எச்சரிக்கை லெட்டர் வந்தாகிவிட்டது. மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஐம்பத்தாறு வயதில், அந்த முட்டியை வைத்துக்கொண்டு, வேறு எந்த ஃபேக்டரி கேட்டில் போய் வேலை கேட்பார்?

அன்றைக்கு அக்கா ஒரு பெட்டிமேல் உட்கார்ந்த நேரம் பார்த்து, சூப்பர்வைசர் படம் எடுத்து லைன் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஆதாரமாம். கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. படத்தில் அக்காவின் கண்கள் மூடியிருந்தன, பின்னால் வெள்ளைச் சுவர். எங்கள் குழுக்களில் ஒருத்தர் படம் தனியாக வந்தால் ஒன்று பிறந்தநாள், இல்லை ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார். கேக்கைக் காணோம். நான் கேண்டீனில் ரொட்டிச்சானாயும் கையுமாக இருந்தேன். கண்ணாடியும் போடவில்லை, யாரென்றும் பார்க்கவில்லை. "ஆழ்ந்த இரங்கல். ஆத்மா சாந்தியடையட்டும்" என்று தட்டிவிட்டேன்.

ஒருத்தி தட்டினால் போதாதா? கும்பிட்ட கைகள், பூக்கள், கண்ணீர் என்று வரிசை கட்டிவிட்டது. எடுப்பு எத்தனை மணிக்கு என்றுகூட ஒருவர் கேட்டிருந்தார். குழுவில் இருந்த அதிகாரியும் மலாயில் இரங்கல் போட்டுவிட்டு, சாவு வீட்டுக்கு எத்தனை பேரை அனுப்பலாம் என்று கேட்கக் கீழே இறங்கி வந்தார். வந்தவர் கண்ணில், கையுறை அடுக்கிக்கொண்டிருந்த பிணம் பட்டது.

அப்படியானால் இந்தப் படம் எதற்கு என்று கேட்டார். சூப்பர்வைசர் தயாராக அடித்து வைத்திருந்த மூன்றாவது லெட்டரை நீட்டினார். அக்கா மேசையைக் காட்டினார். அதிகாரி குவளையைத் தூக்கி, வட்டக் கறை விழுந்த டாக்டர் கடிதத்தைப் பிரித்து நிதானமாகப் படித்தார். டாக்டர் சொல்லியிருந்தால் உட்காரலாம், இந்த லெட்டர் செல்லாது என்றார்.

சூப்பர்வைசர் விடுகிற ஆளா? லெட்டரில் நம்பர் போட்டாயிற்று, கொடுத்ததாக ஃபைலில் இருக்கவேண்டும், அக்கா ஒரு கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்று பேனாவையும் நீட்டினார். அப்போதுதான், செத்தவளுக்கு எப்படி லெட்டர் என்று அக்கா கேட்டது.

என்ன சொல்கிறார் என்று அதிகாரி என் பக்கம் திரும்பினார். தட்டுத் தடுமாறி மலாயில் சொன்னேன். அவர் தலையில் சுற்றியிருந்த தூடோங்கின் நுனியை இழுத்து வாயை மறைத்துக்கொண்டார்.

அக்கா லெட்டரை மட்டும் வாங்கிக்கொண்டார், பேனாவைத் தொடவில்லை. பக்கத்திலிருந்த பெட்டியில் தூசி படிந்திருந்தது. லெட்டரை அதன்மேல் விரித்து, சுருக்கமில்லாமல் நீவிவிட்டு, அதில் உட்கார்ந்து, வலிக்கிற காலைச் சூப்பர்வைசர் பக்கமாக நீட்டிக்கொண்டார்.