பொது அறையில் கிடந்த மிச்சம்

இந்த ஊரில் தினமும் காலையில் ஓர் இயந்திரம் என்னிடம் நீ யார் என்று கேட்கிறது. கோட்டைக் கழற்றி, பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, டைப்ரைட்டர் போன்ற ஒன்றின் முன்னால் உட்கார்ந்து என் பெயரை அடிக்க வேண்டும். பிறகு ஒரு ரகசியச் சொல். இரண்டும் சரியாக இருந்தால் தாள் ஒரு வரி மேலே நகர்ந்து நிற்கும். வா என்றோ உட்கார் என்றோ கிடையாது. நாம் ஏதாவது கட்டளை சொல்லும்வரை அது பாட்டுக்குக் காத்திருக்கும். சாத்தூரில் டீக்கடைக்காரர்கூட "என்ன தம்பி, எப்ப வந்தீக?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளாஸைக் கையில் எடுப்பார். மூன்று வருஷம் ஆகியும் இந்த மௌனம் எனக்குப் பழகவில்லை.

கம்ப்யூட்டர் என்று பத்திரிகையில் படித்திருப்பீர்கள். சந்திரனுக்கு ஆள் அனுப்பக் கணக்குப் போடும் சமாசாரம் என்று நினைத்திருப்பீர்கள். எங்கள் பல்கலைக்கழகத்தில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். கல்யாண மண்டபம் அளவு அறையில் குளிரூட்டி வைத்திருக்கிறார்கள். அதோடு கம்பி போட்டு இணைத்த முப்பது தட்டச்சுப் பொறிகளில் முப்பது பேர் ஒரே நேரத்தில் வேலை பார்க்கலாம். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரம் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பது என் உத்தியோகம். நான் அவர்களுக்குச் சொல்லும் உதாரணம் சிவகாசிப் பட்டாசுக் கம்பெனி. கம்பெனிக்குப் பெரிய கேட் ஒன்றுதான். உள்ளே போனால் செட் என்று சொல்லும் தனித்தனிக் கொட்டகைகள், செட்டுக்குள் அலமாரிகள், அலமாரியில் டப்பாக்கள். இயந்திரத்துக்குள்ளும் அப்படியே, அறைக்குள் அறை, கடைசியில் கோப்பு. ஒரு கோப்பு வேண்டுமென்றால் கேட்டிலிருந்து ஆரம்பித்து, வழியில் உள்ள அறைகளின் பெயர்களை வரிசையாக அடிக்க வேண்டும். அதற்குச் சோம்பல் என்றால், அந்த அறைக்குள் போய் நின்றுகொண்டு கோப்பின் பெயரை மட்டும் சொன்னால் போதும். ஆகவே முதல் கட்டளை: நான் எந்த அறையில் நிற்கிறேன்? இரண்டாவது: இங்கே என்னென்ன இருக்கிறது? மூன்றாவது: இன்ன அறைக்குப் போ. நான்காவது: அழி. அழி என்பதோடு ஒரு நட்சத்திரக் குறியைச் சேர்த்துவிட்டால், நிற்கிற அறையில் உள்ள அத்தனையும் போய்விடும். நிஜமாகத்தான் சொல்கிறாயா என்று அது திருப்பிக் கேட்காது. உதாரணம் முடிந்ததும் யாராவது ஒருவர், "அப்படியானால் தினமும் வாணவேடிக்கை பார்த்திருப்பீர்களே!" என்பார். ஆமாம் என்று சிரித்து வைப்பேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் என்னிடம் கற்க வந்தவர் ஹெலன். ஐம்பது வயதிருக்கும், காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர். ஒவ்வொரு பிள்ளையும் எந்த ஒலியைச் சொல்ல எத்தனை நாள் எடுத்தது என்று நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். அதை ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஆறு வாரமாக இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவருக்கென்று தனி அறை உண்டு. அதற்குள் போகும் கட்டளையைச் சொல்லிக்கொடுத்த அன்று எனக்கு அவசரம், மேலோட்டமாகச் சொல்லிவிட்டேன். அவர் அதை மறந்துவிட்டு, நுழைந்ததும் எல்லோரும் முதலில் நிற்கும் பொது அறையிலேயே எல்லாவற்றையும் போட்டிருந்தார். கேட்டை ஒட்டிய முற்றத்தில் மூட்டையை இறக்கிவைத்த மாதிரி.

இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பொது அறையைப் பார்வையிடுவோம். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அது என் முறை. ஒன்று, இரண்டு, மூன்று என்று வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட நாற்பது கோப்புகள் கிடந்தன. உடையவருக்குச் சீட்டு எழுதிப்போட்டு, ஒரு வாரம் பார்த்துவிட்டு அழிக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. எனக்கோ அவற்றைப் பார்த்ததும் உள்ளங்கை வேர்த்துவிட்டது. மிச்சம் கிடக்கிறது, மிச்சம் கிடக்கக் கூடாது. யாருடையது என்றுகூடக் கேட்கவில்லை. அழி என்று அடித்து நட்சத்திரத்தைப் போட்டேன். தாள் ஒரு வரி நகர்ந்தது. அப்பாடா என்று எழுந்து சாப்பிடப் போனேன்.

அந்த வேர்வை எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. அப்பா சாத்தூரில் மிஷன் பள்ளி வாத்தியார். நான் இன்டர்மீடியட் முடித்துவிட்டுச் சும்மா இருந்தபோது சிவகாசிக்கு வெளியே ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. மூன்றாம் நம்பர் செட் என் பொறுப்பு. வெடிக்கான கலவையை எங்கள் பக்கத்தில் மருந்து என்போம். அந்த மருந்தைக் கலக்குகிறவர் செல்லையா அண்ணாச்சி. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பீடிப் பழக்கம் உண்டு. ஆனால் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, கையைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவார். அன்றன்று கலந்த மருந்தை அன்றன்றே தீர்த்துவிட வேண்டும், மிஞ்சினால் சாயங்காலம் பொட்டலுக்குக் கொண்டுபோய் எரித்துவிட வேண்டும் என்பது அங்கே விதி. தீபாவளி சீசன், லோடு ஏற்ற லாரி நிற்கிறது. அன்று இரண்டு தட்டு மருந்து மிஞ்சிவிட்டது. "எரிச்சிட்டு வந்துருதேன் தம்பி, ஒரு எட்டுதான்" என்றார் அண்ணாச்சி. அவரை லாரிப் பக்கம் அனுப்பிவிட்டு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். காலையில் முதல் வேலையாக அதைத்தான் வெடிக்குள் திணிக்கப் போகிறோம், எதற்கு வீணாக்குவது என்று தோன்றியது. பத்திரமாக இருக்கட்டும் என்று ஒரு சாக்கை நனைத்துப் பிழிந்து தட்டுகளின் மேல் மூடிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை கதவைத் திறந்தவர் அண்ணாச்சி. நான் கேட்டுக்குள் அப்போதுதான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன். முதலில் சத்தம் இல்லை, வெளிச்சம்தான். அவருக்கு வலது கை மணிக்கட்டோடு போயிற்று, இரண்டு கண்ணும் போயிற்று. விசாரணைக்கு வந்தவர்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: முந்தின நாள் மிச்சத்தை எரித்தீர்களா? எரித்தோம் என்றேன். அப்புறம், செல்லையாவுக்குப் பீடிப் பழக்கம் உண்டா என்று மற்றவர்களைக் கேட்டார்கள். உண்டு என்றார்கள். தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிட்டார்கள். அடுத்த வருஷம் மதுரையில் கல்லூரி வகுப்பில், அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளேயே சூடேறித் தானாகப் பிடித்துக்கொள்ளும் என்று வாத்தியார் போகிற போக்கில் சொன்னார். நான் வகுப்பை விட்டு எழுந்து வெளியே போனேன். அன்றிலிருந்து என் தட்டில், மேஜையில், பெட்டியில் எதையும் மிச்சம் வைப்பதில்லை. ஆனால் வாய்க்குள் இருந்த மிச்சத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை எங்கள் தலைவர் வால்டர் என்னைக் கூப்பிட்டார். "ராஜ், ஹெலனுடையது எல்லாம் போய்விட்டது." என் வாயில் முதலில் வந்தது, "யாருக்காவது அடி பட்டதா?" அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். கேலி செய்கிறேன் என்று நினைத்திருக்கலாம். "கோப்புகள் போய்விட்டன என்கிறேன்" என்று நிதானமாகச் சொன்னார். ஹெலன் பொறியின் முன் கோட்டைக்கூடக் கழற்றாமல், "இங்கே என்னென்ன இருக்கிறது?" என்ற கட்டளையைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தார். ஒன்றுமில்லை என்று அதுவும் சலிக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. இந்த வேலை போனால் இந்த நாட்டில் இருக்க முடியாது என்பது நினைவுக்கு வந்தது. யார் எந்தக் கட்டளை கொடுத்தார்கள் என்பதை இயந்திரம் தானே எழுதி வைத்துக்கொள்ளும். வால்டர் அதை எடுத்துப் பார்க்க இன்னும் பத்து நிமிஷம் ஆகும். "நான்தான் அழித்தேன்" என்றேன். இரண்டே சொல். சொல்லி முடித்த பிறகும் கூரை இருந்த இடத்திலேயே இருந்தது.

வால்டர் திட்டவில்லை. "காந்த நாடாவிலிருந்து திரும்பக் கொண்டுவரலாம்" என்றார். வியாழக்கிழமைதோறும் எல்லாவற்றையும் நாடாவில் படியெடுத்து வைப்பார்கள் என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் நம்ப முடியவில்லை. போனதைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று என்னிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. நாடா சுற்ற ஆரம்பித்தது. பதினொரு மணிக்கு நடுவில் சிக்கி நின்றது. துடைத்து மறுபடி போட்டார்கள். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. ஹெலன் எழுந்திருக்கவில்லை, நானும் எழுந்திருக்கவில்லை. நான்காம் தடவை அந்த இடத்தைத் தாண்டிற்று. மூன்று மணிக்கு முப்பத்தொன்பது கோப்புகள் வந்துவிட்டன. வெள்ளிக்கிழமை காலை அவர் ஏற்றிய கடைசிப் பிள்ளையுடையது மட்டும் வரவில்லை.

"அவன் பெயர் டேனி. நோட்டு என்னிடம் இருக்கிறது, மறுபடி அடித்துவிடுவேன்" என்றார் ஹெலன். பிறகு, "பத்து நிமிஷம் பொறுத்திருந்தால் இயந்திரமே சொல்லியிருக்கும். நீங்களே ஏன் சொன்னீர்கள்?" என்று கேட்டார். நான் வெள்ளிக்கிழமை அடித்த தாளைப் பொறியிலிருந்து கிழித்து மடித்துக்கொண்டிருந்தேன். என் இங்கிலீஷ் போதவில்லை என்று நினைத்து, கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த வாரம்தான் சாத்தூரிலிருந்து ஏரோகிராம் வந்தது. அண்ணாச்சி சொல்லச் சொல்ல, அவர் மனைவி முத்தம்மா மதினி எழுதுவார்கள். "அங்கன குளிரு எம்புட்டு இருக்கும்னு கேட்டு எழுதச் சொல்லுதாக. நேரா நேரத்துக்குச் சாப்பிடுதீகளா? பத்து வருசம் ஆச்சு தம்பி, இன்னமும் ராத்திரி பகலா யோசிக்காக. பீடியைக் கீழ போட்டுட்டுத்தான் வந்தேன், ஆனாலும் நாந்தான் என்னமோ பிசகா செஞ்சுபுட்டேன் போலங்காக." நான் பத்துத் தடவையாவது பதில் எழுத உட்கார்ந்து கிழித்துப் போட்டேன். கடிதத்தில் சொன்னால் அவருக்கு மட்டும்தான் தெரியும். கவனக்குறைவு என்று பேப்பரில் வந்ததை ஊரே படித்தது. ஆகவே ஊரே படிக்கிற இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன்.

அண்ணாச்சி, உங்கள் மேல் பிசகு இல்லை. மிச்சத்தை எரிக்காமல் ஈரச் சாக்கைப் போட்டு மூடியது நான். எரித்ததாகப் பொய் சொன்னதும் நான். மதினி, இந்த இடத்தில் நிறுத்திவிடாமல் வாசித்துவிடுங்கள்.

ஆசிரியருக்கு நான் அனுப்பும் இந்தப் பிரதி இயந்திரத்தாளின் பின்பக்கத்தில் எழுதியது. திருப்பிப் பார்த்தால் அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் அடித்தது இருக்கும்: நான் எந்த அறையில் நிற்கிறேன் என்ற கேள்வி, பொது அறை என்ற பதில், கீழே அழி, நட்சத்திரம். இந்தப் பக்கத்தில் அதே கேள்விக்கு என் கையால் பதில் எழுதியிருக்கிறேன்: மூன்றாம் நம்பர் செட், கதவுக்குப் பக்கத்தில், அண்ணாச்சிக்கு முன்னால்.