பந்து நேராகப் போன ஆறு மாதம்

அவளுக்கு ‘நேர்கோடு’ என்று பட்டப்பெயர் வைத்தது யார் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. வைத்தவர் சரியாகத்தான் வைத்திருக்கிறார். கார் ஷோரூமுக்குப் பின்னால் இருக்கும் அந்த கோல்ஃப் பயிற்சி மைதானத்தில் பன்னிரண்டு தடுப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரு பச்சைப் பாய், ஒரு கூடை நிறையப் பந்துகள், எதிரே உயரமான வலை. சொல்லிக்கொடுக்கிறவர்கள் நான்கு பேர். மற்ற மூவரிடம் போனால் முதலில் இடுப்பைத் திருத்துவார்கள், அப்புறம் தோளை, அப்புறம் மூச்சை. வருடம் ஒன்று ஓடியும் பந்து என்னவோ வலதுபக்க வலைக்குத்தான் போகும். இவளிடம் மூன்றே வகுப்பு. நான்காவது வாரம் பந்து நேராகப் போகும்.

இவள் கட்சி என்னவென்றால், நாற்பது வயதுக்கு மேல் மட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறவரை உருக்கி வார்க்க முடியாது. முதுகு கம்ப்யூட்டர் முன்னால் வளைந்தாயிற்று. முழங்கால் படிக்கட்டில் தேய்ந்தாயிற்று. அதை நிமிர்த்துகிறேன் பேர்வழி என்று உயிரை வாங்காமல், கோணல் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் வேறொன்றைக் கோணலாக்கிவிட வேண்டும். காலை ஒரு அங்குலம் நகர்த்து. பந்தைக் கொஞ்சம் முன்னால் வை. கைப்பிடியில் டேப் சுற்று. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; நம் ஆள் கூடத்தையே கொஞ்சம் சாய்த்துக் கொடுத்துவிடுவாள். பந்துக்கு இதெல்லாம் தெரியவா போகிறது?

இது அவளுக்கு யாரும் சொல்லித் தந்த வித்தை இல்லை. அவள் அப்பா ஒரு பெரிய கோல்ஃப் மைதானத்தில் புல்வெட்டும் வண்டி ஓட்டியவர். யாரோ வீசியெறிந்த வளைந்த மட்டையை வைத்துக்கொண்டு, அது வளைந்தபடியே நேராக அடிக்கப் பழகியவள் அவள். அந்தத் திறமையை வைத்துத்தான் இருபத்திரண்டு வருடமாகப் பிழைக்கிறாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் கழுத்து டாக்டர் வந்தார். அவர் தொண்டை, கழுத்து ஆபரேஷன் செய்கிறவர். ஐம்பத்தைந்து வயது. இரண்டு வருடமாக அவளிடம் வாரம் ஒரு வகுப்பு. அன்று ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்ததால் தன் மட்டைப் பை இல்லை, காரில் கிடந்த கை உறை மட்டும் இருந்தது. மைதானத்து மட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு பாயில் ஏறி நின்றார். இரண்டு பந்து எப்படியோ போனது. மூன்றாவதுக்கு மட்டையை மேலே தூக்கி வீசினார் பாருங்கள், மட்டையே கையை விட்டுப் பறந்து, சுழன்று சுழன்று வலைக்கு முன்னால் புல்லில் போய் விழுந்தது.

“வேர்வை, டீச்சர்,” என்று சிரித்தார்.

அவளும் சிரித்துக்கொண்டே மட்டையை எடுத்து வந்தாள். காலை ஏழு மணி, காற்று சில்லென்று அடிக்கிறது, இதில் ஏது வேர்வை என்று தோன்றியது. டாக்டர் இடது கை உறையைக் கழற்றிப் பெஞ்சில் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். அவள் சும்மா அந்த உறையை எடுத்துப் பார்த்தாள். பார்த்தவள் கீழே வைக்கவில்லை.

இடது கையின் கடைசி மூன்று விரல்தான் மட்டையைப் பிடிக்கும். மற்றவை கூட ஒத்தாசைக்கு. யாருடைய உறையானாலும் முதலில் தேய்ந்து கறுப்பது அந்த விரல்களின் தோல்தான். டாக்டரின் உறை வாங்கி நாலு மாதம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்துப் பளபளத்தன. சுண்டுவிரலும் மோதிர விரலும் கடையில் வாங்கின அன்று எப்படி இருந்தனவோ அப்படியே வெள்ளையாக இருந்தன. அந்த இரண்டு விரலும் நாலு மாதமாக எதையும் பிடிக்கவில்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால் நடந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திடீரென்று டாக்டரின் பந்தெல்லாம் வலப்பக்கம் வளைந்து ஓட ஆரம்பித்தது. வீச்சின் உச்சியில் இடது கை திறந்துகொள்கிறது என்று அவள் அன்றே கண்டுபிடித்தாள். ஏன் திறக்கிறது என்று கேட்டாளா? கேட்கவில்லை. அவருடைய மட்டைகள் எல்லாவற்றின் பிடியிலும் மூன்று சுற்று டேப் கூடுதலாகச் சுற்றித் தடிமனாக்கினாள். வலது கையை இன்னும் கீழே இறக்கி அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். மூன்றாவது வகுப்பில் பந்து நேராகப் போனது. டாக்டர் குழந்தை மாதிரி குதித்தார். இன்று அவர் எடுத்த மைதானத்து மட்டையில் அந்த டேப் இல்லை.

தண்ணீர் குடித்துவிட்டு வந்தவரிடம், “அந்தக் கையைக் கொஞ்சம் காட்டுங்க டாக்டர்,” என்றாள். அவர் நீட்டினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே திரண்டிருக்க வேண்டிய சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்ன, ரேகை பாக்குறீங்களா? வியாழக்கிழமையை நினைச்சுப் பயப்படாதீங்க. உங்க வீட்டுக்காரர் கழுத்துக்கு நான் பொறுப்பு,” என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார்.

வியாழனுக்கு நடுவே ஒரே நாள்தான் என்று அவள் எண்ணிப் பார்த்தாள்.

வீட்டுக்காரர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர். தெருவில் அவருக்கு ‘ரேடியோ’ என்று பெயர், அணைக்கிற பொத்தான் இல்லாத ரேடியோ. காலை எட்டு மணிக்கு ஓட்டப் பழகுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்தால் சாயங்காலம்வரை வாய் ஓயாது. பிரேக்கைச் சொல்லவும் அந்தக் குரல்தான், பயந்தவரைத் தேற்றவும் அந்தக் குரல்தான். அந்தக் கழுத்தில்தான் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. ஊசி குத்திச் சோதித்ததில் ‘சந்தேகம்’ என்று எழுதி வந்தது. எடுத்தே ஆக வேண்டும். கட்டிக்குப் பின்னால் தையல் நூல் கனத்துக்கு ஒரு நரம்பு ஓடுகிறது, குரல் அதிலிருந்துதான் வருகிறது, அதில் கை பட்டால் குரல் போய்விடும் என்று டாக்டரே காகிதத்தில் படம் போட்டுக் காட்டியிருந்தார். காட்டியது வலது கை. காகிதம் நகராமல் பிடித்துக்கொண்டிருந்தது எந்தக் கை, எந்த விரல் என்று அன்று அவள் கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர் பையில் துணி அடுக்கிக்கொண்டே பேசினார்.

“ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு நாள் வாய திறக்கக் கூடாதாம். உனக்குக் கொண்டாட்டம்தான், இல்ல?”

“சும்மா இருங்க.”

“நம்ம டாக்டர் கைராசிக்காரர்மா. நீ இல்லன்னா அவர் நம்மள மாதிரி ஆளுக்கெல்லாம் இவ்வளவு சீக்கிரம் தேதி குடுப்பாரா? எல்லாம் உன் புண்ணியம்.”

அவள் மடித்த துணியையே மறுபடி மடித்தாள். சொல்லிவிடலாமா? இவரிடம் சொன்னால் விடிவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். டாக்டரிடம் சொன்னால்? பந்து பொறுக்கிப் போடுகிற இடத்தில் நிற்கிறவள், கழுத்தை அறுத்துத் தைக்கிறவருக்குக் கை சரியில்லை என்று சொல்வதா? கோபத்தில் வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்றுவிட்டால், அடுத்த தேதிக்கு எத்தனை மாதமோ, கட்டி காத்திருக்குமா? ஒருவேளை இவள் பார்த்தது தப்பாக இருந்தால்? சொன்னாலும் பயம், சொல்லாவிட்டாலும் பயம். இதற்கெல்லாம் அடியில் இன்னொரு பயம் இருந்தது. அதை அவள் தொடவே இல்லை.

புதன்கிழமை மதியம் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவள் கைப்பையில் ஒரு மட்டையின் அறுத்த கைப்பிடி இருந்தது. ஒரு முழ நீளம், டேப் ஏதும் சுற்றாத வெறும் பிடி. புதிதாக வருகிறவர்களுக்கு விரல் வைக்கும் இடத்தை அதில்தான் காட்டுவாள். வாசல் காவலாளி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னம்மா இது, யாரையாவது அடிக்கவா?”

“பிடிக்கிறதுக்கு,” என்றாள். அவர் ஒன்றும் புரியாமல் விட்டுவிட்டார்.

வீட்டுக்காரரை இரண்டாம் மாடி நடையில் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, டாக்டர் அறைக்குள் தனியாகப் போனாள். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்து ஓடிவிடுவாள் என்று அவளுக்கே தெரியும்.

“டாக்டர், தப்பா நினைக்காதீங்க. இத இடது கையால பிடிங்க. கடைசி மூணு விரல் மட்டும்.”

“இங்கயுமா பாடம்?” என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் பிடித்தார்.

அவள் பிடியின் மறுமுனையை இரண்டு விரலால் பற்றி இழுத்தாள். வெண்ணெயிலிருந்து கத்தி வருவதுபோல் வந்துவிட்டது.

“நான் தயாராவே இல்ல, டீச்சர். இன்னொரு தடவை.”

இன்னொரு தடவை இழுத்தாள். வந்தது. மூன்றாவது தடவை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார். நெற்றி நரம்பு புடைத்தது. அப்போதும் வந்தது. டாக்டர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

“நான் கத்தி பிடிக்கிறது வலது கையில,” என்றார்.

“அடிக்கிறது வலது கைன்னு நினைச்சுக்கிட்டுத்தான் எல்லாரும் என்கிட்ட வந்து நிக்கிறாங்க டாக்டர். இடது கை விட்டுச்சுன்னா வலது கை எங்க போகும்னு உங்களுக்குத் தெரியும். நீங்களே பாத்திருக்கீங்க.”

அவர் இடது கையை மேசைமேல் வைத்துப் பார்த்தார். தினமும் பத்துப் பேர் கையைப் பிடித்துப் பார்க்கிறவர், தன் கையை இன்றுதான் முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தார். விரல்களை விரிக்க முயன்றார். சுண்டுவிரல் கொஞ்சம் அசைந்து நின்றுவிட்டது.

“தூக்கத்துல கை மரத்துப்போகும். முழங்கையை மடக்கிப் படுக்கிறதாலன்னு விட்டுட்டேன்,” என்றார். பிறகு மெதுவாக, “ஆபரேஷன் தியேட்டர்ல கொஞ்ச நாளா சதையை ஒதுக்கிப் பிடிக்கிறதுக்கு உதவி டாக்டரைச் சொல்லிடறேன். அவங்க கத்துக்கட்டுமேன்னு.”

அவளுக்குப் புரிந்தது. இவரும் கோணலுக்கு எதிர்க்கோணல் வைத்திருக்கிறார். அவளிடம் பாயில் கற்றுக்கொண்டதை அப்படியே ஆபரேஷன் மேசைக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

“ஆறு மாசமா பந்து நேராத்தானே போச்சு, டீச்சர்? கை போயிருந்தா பந்து எப்படி நேராப் போகும்? அதனாலதான் நான் சந்தேகமே படல.”

“பந்தை நான்தான் நேராக்கினேன் டாக்டர். உங்க கையை நான் பாக்கவே இல்ல.”

டாக்டர் விரல்களை மறுபடி ஒருமுறை மடக்கிப் பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்தார். வியாழக்கிழமைப் பட்டியல் முழுவதையும் நிறுத்தச் சொன்னார். அவள் கணவரின் பெயரைச் சொல்லி, அந்தக் கேஸை மூன்றாம் மாடி டாக்டரம்மா எடுத்துக்கொள்ளட்டும், பத்து நாளைக்குள் தேதி வேண்டும் என்றார். நரம்பு டாக்டரிடம் தனக்கே ஒரு நேரம் கேட்டார். கடைசிவரை குரல் உயரவில்லை. போனை வைத்தவர் அவளை நிமிர்ந்தும் பார்க்கவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மேசைமேல் இருந்த நோயாளிகள் பட்டியலைத் தன்பக்கம் இழுத்து, தாளைப் பின்னோக்கிப் புரட்ட ஆரம்பித்தார்.

அவள் வெளியே வந்தாள். தப்பித்தோம். பத்து நாள்தானே, பத்து நாளில் கட்டி ஒன்றும் செய்துவிடாது. இரண்டு நாளில் முதல் தடவையாக மூச்சு முழுதாக உள்ளே போனது. நடையின் கோடியிலிருந்து வீட்டுக்காரரின் குரல் கணீரென்று கேட்டது. அந்தக் குரலைக் கேட்டு அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் பெஞ்சில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆஸ்பத்திரி உடுப்பில் ஒருவர். கழுத்தில் கட்டு. மடியில் ஒரு சின்ன நோட்டு.

“வா வா. இவரும் நம்ம டாக்டர்கிட்டதான் பண்ணிக்கிட்டாராம். திங்கக்கிழமை. பள்ளிக்கூட வாத்தியார். அரை மணி நேரமா பேசிக்கிட்டிருக்கேன், மனுஷன் எவ்வளவு பொறுமையா கேக்குறார் தெரியுமா? நீயும் இருக்கியே.”

கட்டுப் போட்டவர் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். நோட்டில் எழுதி அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். ‘குரல் இன்னும் வரவில்லை. வீக்கம் வடிந்தால் வந்துவிடும் என்றார் டாக்டர்.’

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். திங்கட்கிழமை. இந்த ஆறு மாதத்தில் அந்தக் கை இன்னும் எத்தனை கழுத்தைத் தொட்டதோ. தொட வேண்டாம் என்று அடியில் தள்ளி வைத்திருந்த பயம் இப்போது எதிரே உட்கார்ந்து புன்னகைத்துக்கொண்டிருந்தது. அவர் மறுபடி எழுதினார். ‘நீங்களும் வேலைக்குப் போகிறீர்களா?’

அவள் வாய் திறப்பதற்குள் ரேடியோ முந்திக்கொண்டது.

“கோல்ஃப் சொல்லிக்கொடுக்கிறா. சும்மா இல்ல, எப்பேர்ப்பட்ட கோணல் கையா இருந்தாலும் மூணே வகுப்புல பந்தை நேராக்கிடுவா. நம்ம டாக்டருக்கே கை சரியில்லாம போயிருந்துச்சு, இவதான் சரிபண்ணினா. அவரே சொன்னார் என்கிட்ட.”

வாத்தியார் கண்களை அகல விரித்தார். நோட்டையும் பேனாவையும் கீழே வைத்துவிட்டு எழுந்து, பேச முடியாத நன்றியெல்லாம் சேர்த்து அவள் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். நல்ல அழுத்தமான பிடி. அவளால் கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, அவர் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.