போக ஓர் இருக்கை, திரும்ப இரண்டு

தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகும் சாலையில் உள்ள ஒரு பயண முகவர் அலுவலகத்தில் நான் வேலை பார்க்கிறேன். சமூகப்பணியில் பட்டம் பெற்றவளுக்கு விமான டிக்கெட் விற்கும் இடத்தில் என்ன வேலை என்று சாத்தான்குளத்தில் என் வீட்டார் இன்னமும் கேட்பதுண்டு. முதன்முறையாக வளைகுடாவுக்குப் போகிற ஒருவர், தன் டிக்கெட்டிலும் காப்பீட்டிலும் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போவதும் சமூகப்பணியே என்பது என் பதில். ஆசிரியர்கள் நிறைந்த எங்கள் வீட்டில் ஆவி, பேய் போன்ற சொற்களுக்கு இடமிருந்ததில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு முற்பகலில் கணவனும் மனைவியுமாக இருவர் வந்தார்கள். கணவர் சங்கு குளிப்பவர், நாற்பதைக் கடந்தவர். மஸ்கட் துறைமுகத்தில் கப்பல்களின் அடிப்பாகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் வேலை கிடைத்திருப்பதாகவும், சென்னை வழியாகப் போய்வர டிக்கெட் வேண்டும் என்றும் சொன்னார். பிறகு, இயல்பான குரலில், "ரெண்டு சீட்டு போடுங்க தங்கச்சி" என்றார்.

முன்மேசையில் இருந்த எங்கள் முதலாளி சிரித்தார். "ரெண்டு சீட்டுல ஒக்காருத அளவுக்கு நீரு ஒண்ணும் தடியா இல்லையே வே."

"எனக்கில்ல அண்ணாச்சி. மச்சினனுக்கு."

"அவரோட பாஸ்போர்ட் கொண்டு வந்திருக்கியளா?" என்று கேட்டேன்.

மனைவிதான் பதில் சொன்னார். "எந்தம்பி செத்து ஒரு வருசம் ஆவப்போவுதும்மா."

முதலாளியின் சிரிப்பு நின்றது. அந்த அம்மா தொடர்ந்து பேசியதிலிருந்து நான் தெரிந்துகொண்டது இதுதான். நீருக்குள் இறங்குகிறவருடைய கயிற்றை வள்ளத்தில் இருந்து பிடிக்கும் பொறுப்பை அவர்கள் குடும்பத்தில் மனைவியின் உடன்பிறந்தவனுக்கே கொடுப்பார்கள். வேறு எவன் கை தளர்ந்தாலும் தன் அக்காளின் தாலி கட்டப்பட்டிருக்கும் கயிற்றை அவன் தளரவிடமாட்டான் என்பது கணக்கு. மூச்சுக்குக் குழாய்வழி காற்று அனுப்பும் கம்ப்ரசர் வந்த பிறகும் அந்த வழக்கத்தை அவர்கள் மாற்றவில்லை. கயிற்றில் ஓர் இழுப்பு வந்தால் "நலமா" என்று பொருள். இரண்டு இழுப்பு வந்தால் "உடனே மேலே வா."

சென்ற ஆண்டு ஒரு நாள் வள்ளத்தில் தம்பி மட்டும் இருந்தான். மற்றவர்கள் எல்லாரும் நீருக்கடியில். கயிறு கட்டியிருந்த கணவருடைய மணிக்கட்டில் இரண்டு இழுப்பு விழுந்தது. மேலே வந்தபோது கம்ப்ரசர் விட்டுவிட்டு இருமிக்கொண்டிருந்தது. இன்னும் சற்று நேரம் போயிருந்தால் காற்று நின்றிருக்கும். தம்பி கயிற்றை முஷ்டியில் சுற்றியபடி கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். உயிர் இல்லை. விரல்கள் விறைத்துப் போயிருந்ததால் கயிற்றை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. மாரடைப்பு என்று சொன்ன மருத்துவர், உயிர் போய் நெடுநேரம் ஆகியிருக்கும் என்றும் சொன்னார்.

அப்படியானால் கயிற்றை இழுத்தது யார் என்று நான் கேட்கவில்லை. அவர்களும் அதைக் கேள்வியாக வைத்துக்கொள்ளவில்லை.

அறுத்த கயிற்றில் ஒரு துண்டு அவருடைய வலது மணிக்கட்டில் முடிச்சிட்டு இருந்தது. பேசும்போது அந்தக் கையை என் மேசைக் கண்ணாடிமீது வைத்திருந்தார். எடுத்தபோது அங்கே ஓர் ஈரத் தடம் இருந்தது. வெளியே கொளுத்தும் வெயில். வேர்வையாக இருக்கும் என்று நினைத்துத் துணியால் துடைத்தேன். துணியில் கடல் வாடை அடித்தது.

இறந்தவர் பெயரில் டிக்கெட் எடுக்க முடியாது. ஆனால் ஒரு பயணி தனக்குப் பக்கத்து இருக்கையையும் தன் பெயரிலேயே வாங்கிக்கொள்ள விமான நிறுவனங்கள் இடம் கொடுக்கின்றன. 'கூடுதல் இருக்கை' என்ற குறிப்போடு, ஒரே பதிவின் கீழ், அதற்கென்று தனி போர்டிங் பாஸும் வரும். அதை அவர்களிடம் சொல்லலாமா என்று நான் யோசித்தேன். ஒரு குடும்பத்தின் துக்கத்தில் ஓர் இருக்கையை விற்பது சரியா என்ற கேள்வி ஒரு பக்கம். சட்டம் அனுமதிக்கும் ஒன்றை, என் நம்பிக்கைக்கு ஒத்துவரவில்லை என்பதற்காக மறைக்க எனக்கு என்ன உரிமை என்ற கேள்வி மறுபக்கம். சொன்னேன். நிறுவனத்தின் கணக்கில் அது காலி இருக்கைதான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

"அவங்க கணக்கு அவங்களுக்கு" என்றார் அந்த அம்மா.

காப்பீடுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. பயணக் காப்பீட்டின் விலக்குகளை நான் எப்போதும் வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன். கூலிக்குச் செய்யும் நீரடி வேலையில் என்ன நேர்ந்தாலும் அந்தப் பாலிசி பொறுப்பேற்காது. வேலை தருகிறவர்கள் தனியாகக் காப்பீடு எடுத்திருக்கிறார்களா, அதை எழுத்தில் கேட்டு வாங்கினீர்களா என்று விசாரித்தேன். "அங்கன வந்து பாத்துக்கிடலாம்னு சொல்லுதாக" என்றார் அவர். அதாவது, அந்நிய நீரில், அறிமுகமில்லாத ஒருவர் பிடிக்கும் கயிற்றில், எந்தக் காப்பும் இல்லாமல் அவர் இறங்கப்போகிறார்.

"அப்ப இந்தப் பாலிசி எதுக்கும்மா?" என்று கேட்டார் மனைவி.

"ஆஸ்பத்திரிச் செலவு, பெட்டி தொலஞ்சா, பாஸ்போர்ட் தொலஞ்சா... தண்ணிக்கு வெளிய உள்ளதுக்கு மட்டுந்தான் அக்கா."

"தண்ணிக்கு வெளிய ஒங்க பாலிசி, தண்ணிக்குள்ள எந்தம்பி. சரியாத்தான இருக்கு."

நாமினியாக யார் பெயரை எழுத என்று கேட்டதற்கும் கணவர் மைத்துனன் பெயரையே சொன்னார். கயிறு பிடிக்கிறவன் பெயர்தான் அங்கே வரவேண்டும் என்பது அவர் எண்ணம். "உயிரோட உள்ளவங்க பேருதான் போட முடியும் அண்ணே. ஒங்களுக்கு ஏதாவது ஆனா யாருக்குச் சேரணும்னு கேக்காங்க" என்று விளக்கினேன்.

"எனக்கு ஒண்ணும் ஆவாம பாக்கத்தான தங்கச்சி அவன்" என்றார்.

கடைசியில் மனைவி பெயரை எழுதினோம். வேலைதருநரின் காப்பீட்டை எழுத்தில் பார்க்காமல் நீரில் இறங்க வேண்டாம் என்று மட்டும் இருமுறை சொன்னேன். எல்லாருக்கும் சொல்லும் இன்னொன்றையும் சொன்னேன்: ஒரே டிக்கெட்டில் உள்ள பயணங்கள் சங்கிலிபோல, ஒன்றில் ஏறாமல் விட்டால் அதற்குப் பின்னால் உள்ளவை, ஊர் திரும்புவது உட்பட, தாமாகவே ரத்தாகிவிடும்.

மஸ்கட்டுக்குக் கிளம்பிய இரண்டாம் நாளே அவர் அலுவலகத்துக்கு வந்து நின்றார்.

"என்னவே, மஸ்கட்டு சாத்தான்குளத்துப் பக்கத்துலயா இருக்கு, அதுக்குள்ள திரும்பிட்டீரு?" என்றார் முதலாளி. அவர் முகத்தைப் பார்த்தபின் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

நடந்ததை அவர் நிதானமாகச் சொன்னார். தூத்துக்குடியிலிருந்து சென்னை வரை ஒரு குறையும் இல்லை; பக்கத்து இருக்கையின் பட்டையைத் தாமே பூட்டிவிட்டிருக்கிறார். சென்னையில் மஸ்கட் விமானத்துக்கான வாசலில், மைத்துனனுடைய போர்டிங் பாஸை முதலில் நீட்டினார். வள்ளத்தில் கயிறு பிடிப்பவன்தான் முதலில் ஏறவேண்டும். அது அவர்கள் முறை. கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. தன்னுடையதை எடுத்து நீட்டும்போது மணிக்கட்டில் இழுப்பு விழுந்தது.

"ஒண்ணா, ரெண்டா?" நான்தான் கேட்டேன். கேட்ட பிறகே, அப்படிக் கேட்டதை உணர்ந்தேன்.

"ரெண்டு."

அவர் நின்றுவிட்டார். ஊழியர்கள் அழைத்தார்கள், பெயர் சொல்லி அறிவித்தார்கள், அவர் அசையவில்லை. பின்பு முறைப்படி அவரை வெளியே அனுப்பிவைத்தார்கள். விமானம் மஸ்கட்டில் பத்திரமாக இறங்கியது. அதற்கு ஒரு கீறலும் விழவில்லை என்பதை நான் அன்றே பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

"காச்சல்னு ஒரு டாக்டர் சர்டிபிகேட் வாங்கிட்டு வாரும், இன்சூரன்ஸ்ல கேட்டுப் பாப்போம்" என்றார் முதலாளி.

"எனக்குக் காச்சல் இல்லியே அண்ணாச்சி."

எனக்கு அது நிம்மதியாக இருந்தது. மனம் மாறிப் பயணத்தைக் கைவிட்டால் பாலிசி உதவாது. பொய்யான காரணம் எழுதினால் அவர் இனி வாங்கப்போகும் எந்தப் பாலிசியும் சந்தேகத்துக்குள்ளாகும். பயன்படுத்தாத பகுதிக்கான விமான நிலைய வரியை மட்டும் திரும்பக் கேட்கலாம் என்று அவருடைய பதிவைத் திறந்தேன்.

சென்னை–மஸ்கட் பகுதியில் அவர் பெயருக்கு எதிரே 'பயணிக்கவில்லை' என்று இருந்தது. கூடுதல் இருக்கைக்கு எதிரே 'பயணித்தது' என்று இருந்தது.

பச்சை விளக்கு ஒருமுறை எரிந்ததன் மிச்சம் அது. பயணியைப் பட்டியலிலிருந்து நீக்கிய ஊழியர்கள் இருக்கையின் குறிப்பை மாற்ற மறந்திருக்கலாம். இவ்வளவையும் நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் திரையை எட்டிப் பார்த்து, "என்ன போட்டுருக்கு?" என்று கேட்டார். இருந்தபடியே படித்துக் காட்டினேன். அவர் தன் மணிக்கட்டைப் பார்த்தார். கயிற்றுத் துண்டு காய்ந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"அப்ப அவன் போயிட்டான்" என்றார்.

அடுத்த வாரம் மனைவி தனியாக வந்தார். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். அந்த அம்மா என் எதிரே உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்தபடி பேசினார்.

"வீடு வெறிச்சுன்னு கெடக்கும்மா. அவன் செத்த அன்னைலருந்து ஒரு நாளும் இப்பிடி இருந்ததில்ல. பின்வாசல்ல அவன் புடிச்ச கயிறு தொங்கும்லா, காத்து இல்லாட்டியும் லேசா ஆடிக்கிட்டேதான் இருக்கும். இப்ப காத்தடிச்சாலும் ஆடமாட்டேங்கு." பிறகு கேட்டார்: "அவனுக்குத் திரும்பி வர டிக்கெட்டு இருக்கா?"

இல்லை என்பதே விதி. அவருடைய கணவர் ஏறாததால் திரும்பும் பகுதி ரத்தாகிவிட்டது. கூடுதல் இருக்கை தனித்துப் பறக்காது. பக்கத்தில் ஒரு பயணி இருந்தாக வேண்டும். ஆறுதலுக்காக ஒரு பொய் சொல்வதன் விளைவு என்னவாகும் என்று யோசித்தேன். இல்லாத டிக்கெட்டை நம்பி அந்த அம்மா எத்தனை நாள் வாசலைப் பார்த்திருப்பார். "அந்த சீட்டு காலியாத்தான் போயிருக்கும் அக்கா" என்றேன்.

"காலியாப் போச்சுன்னு நீ பாத்தியா?"

நான் பார்க்கவில்லை.

அந்த நவம்பரில் கல்லறைத் திருநாளன்று, ஊரே மெழுகுதிரிகளோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது, தம்பியின் கல்லறைக்கு மட்டும் அவர் ஒன்றும் ஏற்றவில்லை. காரணத்தை எங்கள் அலுவலகத்தில் வந்து சொன்னார். "ஆளில்லாத எடத்துல எதுக்கும்மா?"

புத்தாண்டு கழிந்து கணவர் வந்தார். மஸ்கட்டுக்கு டிக்கெட் வேண்டும் என்றார். இப்போது அவருக்குக் கயிறு பிடிக்க, அவர் நம்பிக்கையின்படியும் கூட, இங்கே யாரும் இல்லை.

"வேலைக்கா அண்ணே?"

"இல்ல. கம்ப்ரசர வித்துட்டேன். இனிமே தண்ணிக்குள்ள எறங்க மாட்டேன். கூட்டிட்டு வரணும்லா, அதுக்குத்தான். போக ஒரு சீட்டு, வர ரெண்டு சீட்டு."

"அங்க எங்கன்னு போய்த் தேடுவிய?"

"கரையில நின்னு கயித்த எறக்குவேன். இருந்தான்னா இழுப்பான்."

ஒரே பதிவில் போக ஒன்றும் திரும்ப இரண்டுமாகப் போட முடியாது. தனித்தனியாக இரண்டு டிக்கெட்டுகள் எடுத்தேன். அந்நாட்டுக் குடியேற்ற அதிகாரிகள் திரும்பும் டிக்கெட்டைக் கேட்பார்கள், இரண்டு தாள்களையும் கையில் வைத்திருங்கள் என்றேன். சுற்றுலா விசாவுக்கு ஏற்ற பாலிசியையும் எடுத்தேன். நாமினி யார் என்று நான் கேட்கும் முன்பே, "வீட்டுக்காரி பேரு" என்றார். அவர் திரும்பி வருவதைப் பற்றி எனக்கிருந்த அச்சம் அந்த ஒரு பதிலில் பாதி குறைந்தது.

அவர் திரும்பும் நாளில் நான் விமான நிலையத்துக்குப் போனேன். எந்தப் பயணியையும் வரவேற்க நான் போனதில்லை. மனைவி ஒரு தூணருகே நின்றிருந்தார். கையில் தூக்குச்சட்டி, மீன்குழம்பு என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை.

சென்னையிலிருந்து வந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். அவர் கடைசியாக வந்தார். களைத்திருந்தார், உயிரோடு, முழுதாக இருந்தார். வலது கைச் சட்டையின் விளிம்பு நனைந்து கருத்திருந்தது. அவர் கடந்துவந்த பின்பும் தானியங்கிக் கதவு மூடவில்லை. மூடப்போய், தயங்கி, மறுபடி விரிந்தது.

மனைவி கணவரைப் பார்க்கவில்லை. அவருடைய தோளுக்குப் பின்னால், சற்று உயரத்தில் பார்த்தார்.

"என்னலே" என்றார், "இப்பிடி எளச்சுப் போயிட்ட?"

அவர்கள் என்னைக் கடந்து ஆட்டோ நிற்குமிடம் நோக்கி நடந்தார்கள். கணவர் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி. நான் ஒதுங்கி, அந்த இடைவெளிக்கும் சேர்த்து வழிவிட்டு நின்றேன்.