லிஸ்பெட் சுட்ட ஒரே கேக்

லிஸ்பெட் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒருமுறைகூடக் கேக் சுட்டதில்லை. டென்மார்க்கில் ஆர்ஹுஸ் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் அலுவலகத்தில் அதைவிடப் பெரிய பெருமை கிடையாது. வேலையில் சொதப்பியவர் மறுநாள் கேக் சுட்டுக் கொண்டுவந்து, எல்லார் முன்னாலும் ‘சொதப்பியது நான்தான்’ என்று சொல்லி வெட்ட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நான் சுட்டதற்கு இந்நேரம் ஒரு பேக்கரியே வைத்திருக்கலாம்.

நாங்கள் காற்றாலைகளுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள். மாடியில் சி ப்ளஸ் ப்ளஸ் என்ற நிரல்மொழிக் கோஷ்டி. எந்தக் காற்றுக்கு இறக்கை எவ்வளவு வளையும் என்று கணக்குப் போடுவார்கள். மற்றபடி வாயைத் திறக்க மாட்டார்கள். கீழே நாங்கள், பைத்தான் கோஷ்டி. அந்தக் கணக்கை வாங்கி வாடிக்கையாளருக்குப் படம் போட்டுக் காட்டுவோம். அவர்களுக்கு எங்களுடையது பொம்மை மொழி. எங்களுக்கு அவர்களுடையது மியூசியச் சரக்கு.

நடுவில் லிஸ்பெட். மாடிக்காரர்கள் தங்கள் மொழியில் செய்த கணினிக் காற்றாலையை எங்கள் மொழி ஏதோ தான் பெற்ற பிள்ளை மாதிரி எடுத்துக் கொஞ்சுகிறதே, அதற்கான ‘பாலம்’ என்ற இணைப்பு நிரலை எழுதியவள் அவள்தான். மாடிப்படி திரும்பும் இடத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பாள். வாயில் எப்போதும் உப்புப் போட்ட கறுப்பு அதிமதுர மிட்டாய். இரண்டு கோஷ்டியையும் அவளுக்குப் பிடிக்காது. அதில் மட்டும் பாரபட்சமே பார்த்ததில்லை. குடும்பம் என்று பார்த்தால் ஒரு விவாகரத்தும் ஒரு படகும் உண்டு. படகோடு மட்டும் இன்னும் பேச்சுவார்த்தை இருக்கிறது.

இந்த வசந்தத்தில் எங்கள் நிரல் திடீர் திடீரென்று செத்து விழ ஆரம்பித்தது. வாடிக்கையாளர்கள் கத்தினார்கள். மேலாளர் ட்ரோல்ஸ் கூட்டம் போட்டான்.

“பாலம் பழசாயிடுச்சு. எல்லாத்தையும் ஒரே மொழியில திருப்பி எழுதிடலாம். லிஸ்பெட், நீயும் எவ்வளவு நாள்தான் உழைப்ப? தோட்டத்தைப் பார்த்துக்கிட்டு நிம்மதியா இரேன்.”

“தோட்டத்துல உன்னைப் புதைக்கத்தான் இடம் இருக்கு ட்ரோல்ஸ்.” எங்கள் ஊரில் மேலாளரையும் ‘நீ’ என்றுதான் பேசுவோம். “தப்பு பாலத்துல இருந்தா அதையும் தூக்கு, என்னையும் தூக்கு. மூச்சு விடமாட்டேன். ஆனா தப்பு இந்தப் பொம்மைக்காரங்களோடதுன்னா பாலத்து மேல கை வைக்கக் கூடாது.”

ட்ரோல்ஸ் கொஞ்சம் அவசரமாகவே சரி என்றான். பாலம் போனால் இவள் என்ன ஆவாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. எங்கள் நிரலை அவள் வரிவரியாகத் துருவினாள். எங்கள் பரம்பரையையே திட்டினாள். தப்பு மட்டும் அகப்படவில்லை.

அதற்கிடையில் நான் வேறொன்றைச் சொதப்பி, ஆப்பிள் கேக் சுட்டுக் கொண்டுபோனேன். எனக்கென்று ஒரு துண்டில் முள்கரண்டியைக் குத்தி, கேக் தட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் தட்டு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. சமையலறையைச் சுத்தம் செய்யும் முறை அந்த வாரம் ட்ரோல்ஸுடையது. மேலாளர் என்று முறையிலிருந்து யாரும் தப்ப முடியாது.

“என் துண்டு எங்கடா?”

“தட்டு அநாதையா கிடந்துச்சு. கொட்டிக் கழுவிட்டேன்.”

“அதுல ஒரு துண்டு என்னோடது! கரண்டி குத்தி வெச்சிருந்தேனே!”

“துண்டு உன்னோடதா இருக்கலாம். தட்டு யாரோடதும் இல்லையே!”

காபி பிடித்துக்கொண்டிருந்த லிஸ்பெட் மிட்டாய் சப்புவதை நிறுத்தினாள். “அடக் கடவுளே” என்றாள். காபியை அங்கேயே விட்டுவிட்டுப் படியேறினாள்.

விஷயம் இதுதான். நாங்கள் மாடியிலிருந்து ஒரு காற்றாலையை வாங்குவோம். அதில் ஒரே ஒரு இறக்கையைக் கையில் வைத்துக்கொண்டு காற்றாலையை விட்டுவிடுவோம். யாரும் பிடித்திராத பொருளைத் தூக்கிக் கொட்டுவது எங்கள் மொழியின் குணம். காற்றாலையைக் கொட்டும்போது இறக்கையும் கூடவே போய்விடும். அப்புறம் அந்த இறக்கையை நாங்கள் தொட்டால் நிரல் விழாமல் என்ன செய்யும்? ‘இறக்கை ஒருவன் கையில் இருக்கும்வரை காற்றாலையைக் கொட்டாதே’ என்று சொல்ல வேண்டியது பாலம். அந்த ஒரு வரி பாலத்தில் இல்லை.

லிஸ்பெட் அந்த வரியைச் சத்தமில்லாமல் சேர்த்துவிட்டு, பழியை எங்கள் தலையில் கட்டியிருக்கலாம். நாங்களும் நம்பி மன்னிப்புக் கேட்டிருப்போம். மறுநாள் காலை அவள் கேக்கோடு வந்தாள். மேலே கருகி, நடுவில் கூழாக இருந்தது.

“சொதப்பினது நான்தான். தப்பு பாலத்துல. சரி பண்ணிட்டேன், இப்ப விழல.” கத்தியைக் கேக்கில் இறக்கினாள். “சொன்ன சொல் சொன்னதுதான் ட்ரோல்ஸ். எப்ப கிளம்பணும்?”

ட்ரோல்ஸ் தொண்டையைச் செருமினான். “அப்ப பாலம் வேணாம். புதுசு எழுதி முடியற வரைக்கும், கோர்ம், நீ கீழ இருக்கறவங்ககிட்ட நேராவே பேசிக்க.”

கோர்ம் மாடிக் கோஷ்டியின் தலைவன். அவன் முகம் கேக்கைவிடக் கறுத்தது. “நேராவா? இவங்ககிட்டயா?”

“எங்களுக்கு மட்டும் ஆசையா?” என்றேன். “உன் பொருளைத் தொட்டா நான் சோப்புப் போட்டுக் கை கழுவணும்.”

“நீ கழுவறதுதான் தெரியுமே! அடுத்தவன் காற்றாலையையே கொட்டிக் கழுவற ஆளுதானேடா!”

இரண்டு கோஷ்டியும் நேருக்கு நேர் பேசியது அதுதான் முதல் தடவை. காபி ஆறுவதற்குள் சட்டையைப் பிடிக்காத குறை. ட்ரோல்ஸ் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தான்.

“லிஸ்பெட், கேக் நல்லாருக்கு” என்றான் மெதுவாக.

“பொய் சொல்லாத.”

“சரி, கேவலமா இருக்கு. நீ போகாத.”

அவள் தன் கண் கலங்கியதற்கு மிட்டாயில் உப்பு அதிகம் என்று காரணம் சொன்னாள். கேக்குக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ட்ரோல்ஸ் தட்டை எடுக்கக் கை நீட்டினான். பட்டென்று அவன் கையில் லிஸ்பெட்டின் அடி விழுந்தது.

“கோர்மோட துண்டு இன்னும் இருக்கு.”

கோர்ம் அழாத குறையாக அதைத் தின்று முடித்தான். அதுவரை அவள் தட்டிலிருந்து கையை எடுக்கவே இல்லை.